பிளக் பொருந்தினால் போதுமா?

பழைய மின்னணுக் கருவி ஒன்று கைக்கு வரும்போது பெரும்பாலும் கருவி இருக்கும். அதன் பவர் கார்டு இருக்காது. வீடு மாறியதிலோ, ஆய்வகத்தைக் காலி செய்ததிலோ எங்கோ தவறியிருக்கும். பின்பக்கத்தைத் திருப்பினால், இன்று எந்தக் கடையிலும் கேட்டு வாங்க முடியாத வடிவத்தில் ஒரு குழி, அதற்குள் இரண்டோ மூன்றோ பின்கள். கருவிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிடும் ஆசையில் கை பரபரக்கும். கிடைத்த வயரைச் சீவி, பின்னில் சுற்றி, டேப் ஒட்டி, சுவிட்சைப் போட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

இந்த அவசரத்தில் உயிரே போகலாம். பவர் இணைப்பியை மாற்றுவது வெறும் பிளக் வேலையாகத் தெரிந்தாலும், கருவியின் உலோக உடலுக்கும் சுவரில் வரும் மின்சாரத்துக்கும் என்ன உறவு என்பதையே அந்த வேலை தீர்மானிக்கிறது. ஒரு கருவிக்கு மூன்று பின் பிளக் போட்டு எர்த் கொடுத்தால் அது உயிரைக் காக்கும். பக்கத்து மேசையில் இருக்கும் இன்னொன்றுக்கு அதே எர்த்தைக் கொடுத்தால் ஃபியூஸ் வெடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டிலும் தெரிவது ஒரு பழைய வாய் மட்டும்தான். அதனால் எந்தப் பிளக் பொருந்தும் என்ற கேள்வியை ஒத்திவைத்துவிட்டு, மூடியைக் கழற்றி உள்ளே பார்ப்பதுதான் முதல் வேலை.

சுலபமான வகையிலிருந்து தொடங்கலாம். 1939இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் பில் ஹியூலெட்டும் டேவிட் பேக்கர்டும் தொடங்கிய நிறுவனத்தின் அளவீட்டுக் கருவிகள் உலகெங்கும் ஆய்வகங்களுக்குப் போயின. அவர்களுடைய 1960களின் வோல்ட்மீட்டர்கள், ஆசிலேட்டர்கள் பலவற்றின் முதுகில் நீள்வட்ட வடிவில் ஒரு குழி இருக்கும். உள்ளே மூன்று உருண்டைப் பின்கள். அதற்குரிய கார்டு பி.எச்.-163 என்ற எண்ணில் விற்றது. அந்தக் காலத்துக்கு நல்ல ஏற்பாடுதான்: கார்டு கெட்டால் கருவியைப் பிரிக்காமல் மாற்றலாம், மூன்றாவது பின் வழியாக உடலுக்கு எர்த் கிடைக்கிறது. பிரிட்டனில் புல்ஜின் நிறுவனத்தின் இணைப்பிகள் இதே வேலையைச் செய்தன. மார்ஷல் கிட்டார் ஆம்ப்ளிஃபையர்களின் பின்னால் அவற்றைப் பார்க்கலாம். இப்படி ஆளுக்கொரு வடிவம் இருந்ததால், கார்டு தொலைந்தால் கருவியும் முடங்கும்.

1970இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையமான ஐ.இ.சி. தன் 320ஆம் தர விதியை வெளியிட்டது. இன்று அதன் எண் 60320. கணினியின் பின்னால் எல்லோரும் பார்த்திருக்கும் அந்த மூன்று தட்டைப் பின் வாய் இந்த விதியில் வருவதுதான். கருவியில் இருப்பது சி14, கார்டின் நுனியில் இருப்பது சி13. பின் ஒவ்வொன்றும் 4 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன், 250 வோல்ட், 10 ஆம்பியர் தாங்கும். நடுவிலிருக்கும் எர்த் பின் மற்ற இரண்டுக்கும் முன்னதாகத் தொடும், கழற்றும்போது கடைசியாக விடும். பின்கள் குழிக்குள் ஆழமாக இருப்பதால், பாதி செருகிய நிலையிலும் விரல் படாது. உலகின் எந்த நாட்டுச் சுவருக்கும் ஏற்ற பிளக்கோடு இந்தக் கார்டு கிடைக்கிறது. காலாவதியான வாயை மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டால், எர்த் தேவைப்படும் கருவிக்கு இதைவிட நல்ல மாற்று இல்லை.

ஆனால் நீள்வட்ட ஓட்டையில் சி14 அப்படியே உட்காராது. அதற்கு வேண்டியது சுமார் 27 மி.மீ.க்கு 20 மி.மீ. செவ்வக ஓட்டை, இரண்டு மூலைகள் சரிந்து. இரண்டு பக்கமும் திருகு ஓட்டைகள் 40 மி.மீ. இடைவெளியில் வேண்டும். அதாவது அரம் எடுக்க வேண்டும். இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டு, தினமும் வேலை வாங்கப்போகிற கருவியென்றால் அரம் வைக்கலாம், தப்பில்லை. எண்ணிக்கையில் குறைந்த, வரலாற்று மதிப்புள்ள கருவியென்றால் உலோகத்தில் கை வைக்கக் கூடாது. வெட்டிய தகடு திரும்ப வளராது. அப்படிப்பட்ட கருவிக்கு ஒரு சிறு இடைக்கார்டு செய்துகொள்ளலாம். உதவாத பழைய கார்டு ஒன்றிலிருந்து அந்த நீள்வட்ட முனையை எடுத்து, ஒரு சாண் புதிய மூன்று கோர் வயர் சேர்த்து, மறுமுனையில் வயரில் பொருத்தும் வகை சி14ஐ வைத்தால் போதும். கருவி தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரியே இருக்கும். கார்டு மட்டும் இந்தக் காலத்தது.

அரம் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது பொடி. அலுமினியத் தகட்டை ராவும்போது மயிரிழை போன்ற சுருள்கள் பறக்கும். அவற்றில் ஒன்று பவர் சப்ளைப் பகுதியின் இரண்டு முனைகளுக்கு நடுவே விழுந்து கிடந்தால், மின்சாரம் கொடுக்கும்வரை தெரியாது. உட்பக்கத்தை ஈரத்துணியால் அடைத்து, ஓரங்களில் டேப் ஒட்டி, அரத்தை வெளிப்பக்கமாகவே தள்ளி ராவ வேண்டும். கருவியைச் சாய்த்து, பொடி வெளியே விழுமாறு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. புதிய வாயின் ஆழத்தையும் முன்கூட்டியே அளந்து பார்க்க வேண்டும். சில கருவிகளில் பின்தகட்டுக்கு ஒட்டியே டிரான்ஸ்ஃபார்மர் நிற்கும்.

அடுத்தது வயர்களை இணைப்பது. சி14இன் பின்னால் இருப்பவை 4.8 அல்லது 6.3 மி.மீ. அகலத் தகட்டு நாக்குகள். அதற்குரிய செருகு முனையைச் சரியான கிரிம்ப் கருவியால் நசுக்கிப் பொருத்தினால் உலோகம் உலோகத்தோடு இறுகிப்போகும். திருகி முடுக்கும் வகை முனைகளில் வயரை வைப்பதாக இருந்தால், நுனியில் ஈயம் பூசக் கூடாது. ஈயப்பற்று மென்மையான உலோகம். திருகின் அழுத்தத்தில் மெல்ல நெளிந்து ஒதுங்கும். சில மாதங்களில் திருகு தளர்ந்துவிடும். தளர்ந்த இணைப்பின் தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொண்டால், அதில் 10 ஆம்பியர் ஓடும்போது அந்தப் புள்ளியில் மட்டும் 10 வாட் சூடு பிறக்கிறது. ஒரு பட்டாணி அளவு இடத்தில் 10 வாட் என்பது பிளாஸ்டிக்கை உருக்கப் போதும்.

எர்த் வயருக்குத் தனி மரியாதை வேண்டும். அது உடலில் சேரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெற்று உலோகம் தெரியச் செய்து, வளைய முனை வைத்து, பல் வாஷர் போட்டு, அதற்கென்றே ஒரு போல்ட்டில் முடுக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரைப் பிடித்திருக்கும் போல்ட்டிலேயே அதையும் சேர்த்து மாட்டுவது வழக்கமாக நடக்கிறது. பின்னொரு நாள் யாராவது டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றும்போது எர்த்தும் போய்விடும். இன்னொன்று: எர்த் வயரை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விட வேண்டும். எப்போதாவது இழுபட்டு வயர்கள் பிய்ந்தால், எர்த் கடைசியாகத்தான் பிய்ய வேண்டும். கார்டு பிளக்கின் எர்த் பின்னுக்கும் கருவியின் வெற்று உலோகத்துக்கும் இடையே தடையை அளந்தால், ஓமில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்க வேண்டும்.

நம் வீடுகளின் உருண்டைப் பின் பிளக்கிலும் இதே யோசனை இருக்கிறது. 1934இல் பிரிட்டனில் வந்த பி.எஸ். 546 என்ற விதியின் வழியில் வந்தது அது. பிரிட்டன் 1947லேயே வேறு வடிவத்துக்குப் போய்விட்டது. நாம் அதை ஐ.எஸ். 1293 என்ற பெயரில் இன்றும் வைத்திருக்கிறோம். 5 ஆம்பியர் பிளக்கில் ஃபேஸ், நியூட்ரல் பின்கள் சுமார் 5 மி.மீ. பருமன், எர்த் பின் சுமார் 7 மி.மீ., நீளமும் அதிகம். தடை குறைவதற்காகத்தான் எர்த் பின் பருமனாக இருக்கிறது என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்ததுண்டு. முக்கியக் காரணம் வேறு: பருமனாக இருந்தால் அது ஃபேஸ் ஓட்டைக்குள் தவறியும் நுழையாது, நீளமாக இருந்தால் முதலில் தொடும். ஐரோப்பியக் கருவிகளோடு வரும் பெரிய இரண்டு பின் பிளக்கின் பின்கள் 4.8 மி.மீ. மட்டுமே. நம் சாக்கெட்டில் அது நுழைந்துவிடும். ஆனால் தளர்வாக நிற்கும். அந்தப் பிளக்கில் எர்த் இருப்பது விளிம்பிலுள்ள உலோகப் பட்டைகளில். நம் சாக்கெட்டில் அவற்றைத் தொட எதுவும் இல்லை. எர்த் இருப்பதாக நம்பிக்கொண்டு எர்த் இல்லாமல் கருவியை ஓட்டுவோம்.

வயரின் நிறத்தை நம்புவதில் பெரிய பொறி இருக்கிறது. அமெரிக்கக் கருவிக்குள் கறுப்பு வயர் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல், பச்சை எர்த். பழைய பிரிட்டிஷ், இந்திய வழக்கத்தில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். ஆக, இரண்டு வழக்கத்திலும் உள்ள ஒரே கறுப்பு ஒன்றில் உயிர் வாங்கும், மற்றதில் வாங்காது. ஜெர்மனியில் 1960களின் நடுப்பகுதிவரை சிவப்பு வயர் பாதுகாப்பு எர்த்தாகவே இருந்தது. பழைய ஜெர்மன் கருவி ஒன்றின் சிவப்பு வயரை நம் ஊர்ப் பழக்கத்தில் ஃபேஸில் கொடுத்தால், கருவியின் முழு உடலும் 230 வோல்ட்டில் நிற்கும். இன்றைய கார்டுகளில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். கருவிக்குள் இருக்கும் பழைய வயர் எங்கே போகிறது என்று மல்ட்டிமீட்டரால் தொட்டுத் தொட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சிவப்பென்பதாலோ கறுப்பென்பதாலோ அல்ல.

ஃபேஸ் உள்ளே நுழைந்ததும் முதலில் ஃபியூஸ், பிறகு சுவிட்ச், பிறகுதான் டிரான்ஸ்ஃபார்மர். பழைய கருவிகள் பலவற்றில் இந்த வரிசை கலைந்திருக்கும். சுவிட்ச் நியூட்ரலில் இருந்தால், அணைத்த பிறகும் உள்ளே எல்லாம் ஃபேஸோடு தொடர்பில்தான் இருக்கும். ஃபியூஸ் கூடு வட்ட வடிவில் பின்தகட்டில் இருந்தால், ஃபேஸ் வயரை அதன் அடிநுனி முனையில்தான் சேர்க்க வேண்டும். பக்க முனையில் சேர்த்தால், ஃபியூஸை மாற்ற மூடியைத் திருகி இழுக்கும்போது விரலுக்கு அருகே ஃபேஸ் வந்து நிற்கும். 115/230 மாற்றுச் சுவிட்ச் உள்ள அமெரிக்கக் கருவியென்றால், அதை 230க்குத் தள்ளினால் மட்டும் போதாது. அதே திறனுக்கு மின்னோட்டம் பாதியாகிவிடுவதால் ஃபியூஸையும் பாதி அளவுக்கு மாற்ற வேண்டும். அங்கே நொடிக்கு 60 சுழற்சி, இங்கே 50. அதே வோல்ட்டேஜில் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக்குள் காந்தப்பாயம் 20 சதவீதம் கூடும். 50 சுழற்சிக்கும் சேர்த்துச் செய்த கருவி இதைத் தாங்கும். 60க்கு மட்டும் என்று பெயர்ப்பட்டையில் போட்டிருந்தால், டிரான்ஸ்ஃபார்மர் சூடேறி உறுமும்.

இரண்டாவது வகைக்கு வருவோம். உலோகப் பெட்டி, உள்ளே டிரான்ஸ்ஃபார்மர், ஆனால் கார்டில் இரண்டே வயர். பழைய ஆம்ப்ளிஃபையர்களும் டேப் ரிக்கார்டர்களும் இப்படித்தான். டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் கம்பித் தொடர்பு இல்லாததால், இவற்றின் உடலுக்குத் தயங்காமல் எர்த் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். ஐம்பது அறுபது ஆண்டு பழகிய சுற்றின் இன்சுலேஷன் ஒருநாள் உடலோடு சேரும்போது ஃபியூஸை எரித்து நம்மைக் காப்பாற்றுவது அந்த எர்த் ஒன்றுதான்.

ஆனால் அதற்கு முன் ஒரு மின்தேக்கியைத் தேட வேண்டும். அமெரிக்க கிட்டார் ஆம்ப்ளிஃபையர்களில் இரைச்சலைக் குறைப்பதற்காக மின்வயர் ஒன்றிலிருந்து உடலுக்கு ஒரு மின்தேக்கி வைத்திருப்பார்கள். பழுதுபார்ப்பவர்கள் அதற்கு வைத்த பெயர் மரண மின்தேக்கி. அது ஷார்ட் ஆனால் ஆம்ப்ளிஃபையரின் உடலும், அதில் செருகிய கிட்டாரின் கம்பிகளும், அவற்றைத் தொடும் விரல்களும் ஃபேஸில் நிற்கும். மூன்று வயர் போட்ட பிறகு அது தேவையே இல்லை, எடுத்துவிடலாம். அந்த இடத்தில் மின்தேக்கி வைத்தே ஆக வேண்டுமென்றால் ஒய்2 என்று குறித்த, பாதுகாப்புச் சோதனை பெற்றதை மட்டுமே வைக்க வேண்டும்.

மின்தேக்கி நல்ல நிலையில் இருந்தாலும் எர்த் இல்லையென்றால் தொட்டால் சுருக்கென்று இருக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4.7 நேனோஃபேரட் மின்தேக்கி 230 வோல்ட், 50 சுழற்சியில் சுமார் 0.34 மில்லி ஆம்பியரைக் கடத்தும். ஃபில்டர் வைத்த பவர் வாயில் இப்படி இரண்டு இருக்கும்: ஒன்று ஃபேஸிலிருந்து உடலுக்கு, மற்றது நியூட்ரலிலிருந்து உடலுக்கு. எர்த் இணைக்காமல் விட்டால் உடல் இரண்டுக்கும் நடுவில், சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். கணினிப் பெட்டியின் ஓரத்தில் புறங்கை பட்டதும் மெல்லிய அதிர்வு தெரிகிறதே, அது இதுதான். உயிருக்கு ஆபத்தில்லாத அளவு. ஆனால் அந்தச் சாக்கெட்டில் எர்த் வேலை செய்யவில்லை என்பதற்கு உறுதியான அடையாளம். "இது எப்பவும் இப்படித்தான் அடிக்கும்" என்று விட்டுவிடாமல் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய நேரம்.

1980களின் கருவிகளில் வாய் புதிய வடிவத்திலேயே இருந்தாலும் உள்ளே காகித மின்தேக்கி காத்திருக்கும். உலோகம் பூசிய காகிதத்தைச் சுருட்டி, ஒளி ஊடுருவும் பிசினில் அடைத்த வகை இது. ரிஃபா என்ற பெயரை அதன் மேல் அடிக்கடி பார்க்கலாம். காலப்போக்கில் பிசின் உறையில் நுண்விரிசல் விழும், காற்றின் ஈரம் காகிதத்துக்குள் இறங்கும். பல ஆண்டு தூங்கிய கருவிக்கு மின்சாரம் கொடுத்த சில நிமிடங்களில் அறை முழுக்கக் கடும் நாற்றத்தோடு புகை வரும். 1981இல் வந்த பிபிசி மைக்ரோ கணினியின் பவர் சப்ளை இதற்குப் பேர்போனது. நல்ல வெளிச்சத்தில் அந்த மின்தேக்கியைச் சாய்த்துப் பார்த்தால், தேன்நிற உறைக்குள் சிலந்தி வலை போல் விரிசல் ஓடுவது கண்ணுக்கே தெரியும். பார்த்தபின் யோசிக்க ஒன்றுமில்லை. இணைப்பியை மாற்றுகிற கையோடு இதையும் மாற்றிவிட வேண்டும்.

மூன்றாவது வகைதான் என்னை எப்போதும் அஞ்சவைப்பது. டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத வால்வு ரேடியோக்கள். ஏ.சி. மின்சாரத்திலும் டி.சி. மின்சாரத்திலும் ஓட வேண்டும், விலையும் குறைய வேண்டும் என்று செய்யப்பட்டவை. வால்வுகளின் சூடேற்றும் இழைகளை வரிசையாகக் கோத்து நேரே மின்வயருக்குக் கொடுத்திருப்பார்கள். மின்வயரில் ஒன்று நேராக உலோகச் சேஸிஸோடு சேர்ந்திருக்கும். நம் ஊர் வீடுகளில் ஏ.சி./டி.சி. என்று குறிக்கப்பட்டிருந்த ரேடியோக்கள் இந்த வகைதான். மரப்பெட்டியோ பேக்கலைட் கூடோ பிளாஸ்டிக் குமிழோதான் மனிதனுக்கும் மின்சாரத்துக்கும் நடுவிலிருந்த ஒரே சுவர். குமிழைப் பிடித்திருக்கும் சிறு திருகின் குழியைக்கூட மெழுகால் அடைத்திருப்பார்கள், விரல் நுனி அந்தத் திருகைத் தொட்டுவிடக் கூடாதென்று. அந்த மெழுகு உதிர்ந்திருந்தால் திரும்ப அடைக்க வேண்டும். குமிழ் தொலைந்து வெறும் உலோகத் தண்டு நீட்டிக்கொண்டிருந்தால், வேறு குமிழ் போடும்வரை பிளக்கைச் செருகவே கூடாது.

இதற்கு நல்லெண்ணத்தோடு மூன்று வயர் கார்டு போட்டு, சேஸிஸுக்கு எர்த் கொடுத்தால் என்ன ஆகும்? சேஸிஸோடு சேர்ந்த வயர் ஃபேஸாக இருந்தால் ஃபேஸும் எர்த்தும் நேருக்கு நேர் மோதும். நியூட்ரலாக இருந்தால் நியூட்ரலும் எர்த்தும் வீட்டுக்குள்ளேயே இணையும்; 30 மில்லி ஆம்பியர் கசிவுப் பாதுகாப்புச் சுவிட்ச் உள்ள வீட்டில் அது உடனே விழும். ஆக, இந்த வகைக்கு எர்த் கிடையாது. வேண்டியது திசை: சேஸிஸ் எப்போதும் நியூட்ரலில் இருக்க வேண்டும், ஃபேஸ் சுவிட்ச் வழியாக மறுமுனைக்குப் போக வேண்டும். இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகலாம் என்பதால் அது இங்கே ஆகாது. டேப் ரிக்கார்டர்களில் வரும் எட்டு வடிவ இரண்டு பின் வாயும் அதே காரணத்தால் ஆகாது. மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னைக் காலியாக விட்டு, இரண்டு வயரை மட்டும் சேர்த்தால் திசை மாறாது. ஆனால் சுவர்ச் சாக்கெட்டும் ஒழுங்காக இருக்க வேண்டும். எர்த் ஓட்டை மேலே இருக்கும்படி நேரே நின்று பார்த்தால், ஃபேஸ் வலது கைப்பக்கம் இருப்பதுதான் முறை. பழைய வீடுகளில் இது மாறியிருப்பது சகஜம் என்பதால் டெஸ்டர் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். சேஸிஸை வெளியே எடுத்துப் பழுதுபார்க்கும்போது திசை சரி என்ற நம்பிக்கை மட்டும் போதாது. 1:1 தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மின்சாரம் கொடுக்காமல் தொடக் கூடாது.

இந்த வகையிலேயே ஒரு விசித்திரம் உண்டு. 1930களின் அமெரிக்க ரேடியோக்கள் சிலவற்றின் கார்டு, தொட்டால் சுடும். பழுது அல்ல, வடிவமைப்பே அப்படி. 6ஏ7, 6டி6, 75 ஆகிய மூன்று வால்வுகளின் இழைகளுக்குத் தலா 6.3 வோல்ட், 43, 25இசட்5 இரண்டுக்கும் தலா 25 வோல்ட். வரிசையாகக் கோத்தால் மொத்தம் 68.9 வோல்ட், மின்னோட்டம் 0.3 ஆம்பியர். சுவரில் வருவதோ 117 வோல்ட். மீதி 48 வோல்ட்டை எங்காவது இறக்க வேண்டும். பெட்டிக்குள் தடையம் வைத்தால் பெட்டி சூடாகும் என்று, அந்தத் தடையைக் கார்டுக்குள்ளேயே மூன்றாவது கம்பியாக ஓட்டினார்கள். சுமார் 160 ஓம். கார்டின் நீளம் முழுவதிலும் 14 வாட் சூடு பரவும். கம்பிக்கு உறை கல்நார். சன்னல் திரைக்கு அருகே சுருட்டி வைத்த கார்டுகள் திரையைக் கருக்கிய காரணத்தால், அமெரிக்கர்கள் இதைத் திரை எரிப்பான் என்றே அழைத்தார்கள்.

இந்தக் கார்டு இற்றுப்போனதைப் பார்த்து, யாரோ ஒருவர் நல்ல புது வயரைப் போட்டுச் சாக்கெட்டில் செருகினால், 68.9 வோல்ட்டுக்கான இழைகளில் 117 வோல்ட் பாயும். ஒரு நொடியில் ஏதாவது ஒரு வால்வின் இழை அறுந்துவிடும். கார்டு நீளமாக இருக்கிறதென்று வெட்டினாலும் தடை குறைந்து இதே கதிதான், கொஞ்சம் மெதுவாக. கார்டிலிருந்து கருவிக்குள் இரண்டுக்குப் பதில் மூன்று கம்பிகள் நுழைகின்றன, மூன்றாவது எர்த்தாகத் தெரியவில்லை என்றால் கையை எடுத்துவிட்டு, மின்சுற்றுப் படத்தைத் தேட வேண்டும். கல்நார் உறையைச் சீவவும் கூடாது. அதன் தூசு நுரையீரலுக்குள் போகக் கூடாதது.

தாழ்ந்த வோல்ட்டேஜ் இணைப்பிகளில் உயிர்ப் பயம் இல்லை. கருவி சாகும், அவ்வளவுதான். 1982இல் வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் கணினிக்கு 9 வோல்ட் அடாப்டரில் நடுமுனை எதிர்மின். இன்று கடையில் வாங்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு நடுமுனை நேர்மின். அளவு கச்சிதமாகப் பொருந்தும், திசை மட்டும் தலைகீழ். அதே ஆண்டின் கொமடோர் 64க்கு ஏழு பின் வட்ட வாய் வழியாக 5 வோல்ட் டி.சி.யும் 9 வோல்ட் ஏ.சி.யும் சேர்ந்து போகும். அதன் பழைய பவர் பெட்டியில் 5 வோல்ட் சீரமைப்பான் கெட்டால் வோல்ட்டேஜ் ஏறி நினைவகச் சில்லுகளை அழித்துவிடும். வாய் அப்படியே இருக்கட்டும், அதற்குப் பின்னாலுள்ள பெட்டியைப் புதிதாகச் செய்துகொள்வதுதான் இங்கே புத்தி.

எல்லாம் முடிந்து முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது நேரே சாக்கெட்டில் செருகக் கூடாது. முதலில் 500 வோல்ட் மெகரால் இன்சுலேஷனைப் பார்க்க வேண்டும்: எர்த் உள்ள கருவியில் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்து, அவற்றுக்கும் உடலுக்கும் இடையே குறைந்தது 1 மெகாஓம். சேஸிஸ் மின்வயரோடு சேர்ந்த ரேடியோவில் இந்த அளவீட்டுக்கு அர்த்தமே இல்லை. பிறகு நம் எலெக்ட்ரீஷியன்கள் காலங்காலமாக வைத்திருக்கும் சீரிஸ் போர்டு: ஃபேஸ் பாதையில் ஓர் இழைபல்பு, அதற்குப் பின்னால் கருவி. 100 வாட் பல்பு எரியும்போது அதன் தடை 529 ஓம். குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கருவி ஒழுங்காக இருந்து கொஞ்சமாக மின்னோட்டம் இழுத்தால், பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கிவிடும். பெரும்பகுதி வோல்ட்டேஜ் கருவிக்கே போய்ச் சேரும். உள்ளே ஷார்ட் இருந்தால் இழை சூடேறித் தடை பன்மடங்கு கூடி, மின்னோட்டத்தை 0.43 ஆம்பியருக்கு மேல் போக விடாது. பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருக்கும், கருவி பிழைக்கும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. சூடாக ஆகத் தடை ஏறும் டங்ஸ்டன் இழைதான் வேண்டும்.

ஹியூலெட் தன் முதல் ஆசிலேட்டரை அமைத்ததும் இதே குணத்தை நம்பித்தான். 1939இன் 200ஏ மாடலில் அலையின் வீச்சு ஏறினால், சுற்றுக்குள் வைத்த சிறு பல்பின் இழை சூடேறித் தடை கூடும். அது பெருக்கத்தைக் குறைத்து வீச்சைப் பழைய அளவுக்கு இழுக்கும். எளிய, மலிவான, வியக்கத்தக்க யோசனை. வால்ட் டிஸ்னியின் நிறுவனம் 'ஃபன்டாசியா' படத்துக்கான ஒலி ஏற்பாட்டுக்காக அடுத்த மாடலான 200பியில் எட்டு வாங்கியது. அந்த ஆசிலேட்டர் ஒன்றுக்குப் புதிய கார்டு போட்டுச் சீரிஸ் பல்பில் சோதிக்கிறவர், ஒரே சுற்றில் இரண்டு இடத்தில் ஒரே விதி வேலை செய்வதைப் பார்க்கிறார்.

சோதனை முடிந்து மூடியைத் திரும்பப் போடுமுன், கழற்றிய பழைய வாயையும் திருகுகளையும் ஒரு சிறு உறையில் போட்டு உள்ளே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளிக் கட்டிவைக்க வேண்டும். கூடவே ஒரு சீட்டு: எந்த வாய் மாற்றப்பட்டது, எர்த் எங்கே சேர்ந்திருக்கிறது, எந்த மின்தேக்கி எடுக்கப்பட்டது, ஃபியூஸ் எத்தனை ஆம்பியர், தேதி என்ன. மூடியின் வெளிப்புறத்தில், பவர் வாய்க்குப் பக்கத்தில், 230 வோல்ட் என்று தெளிவாக எழுதி ஒட்ட வேண்டும். சேஸிஸ் மின்வயரோடு சேர்ந்த ரேடியோவாக இருந்தால், எர்த் கொடுக்காதே என்பதையும் அதற்குக் கீழேயே.